மேயரின் எல்லையும் நொய்யலின் உப்பும்

1917இல் நகராட்சியாகத் தொடங்கிய திருப்பூர், 2008 சனவரி முதல் நாளில் மாநகராட்சி ஆயிற்று. நகர்மன்றத் தலைவராயிருந்த க. செல்வராஜே முதல் மேயரானார். 2011இல் மக்கள் நேரடியாக வாக்களித்து அ. விசாலாட்சியை அமர்த்தினர். 2022 மார்ச் 4 அன்று மாமன்ற உறுப்பினர்கள் கூடி ந. தினேஷ்குமாரைத் தேர்ந்தனர். 1688லேயே மேயரைக் கண்ட சென்னையின் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் இது மிகக் குறுகியது. ஆயினும் ஆட்சியியல் பயில்வோர்க்கு இக்குறுகிய பட்டியலே கூடுதலாகக் கற்பிக்கும்.

இரண்டாம் மேயருக்கும் மூன்றாம் மேயருக்கும் இடையே, 2016 அக்டோபர் முதல் ஐந்தாண்டுக்கும் மேலாக, மன்றமே இல்லை. பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது அரசமைப்பின் 74ஆம் திருத்தம் வகுத்த விதி. தமிழகத்திலோ தேர்தல் அறிவிக்கை உயர்நீதிமன்றத்தில் ரத்தாகி, தனி அலுவலர்களின் ஆட்சி நீண்டது. அப்போதும் குடிநீர் வந்தது, குப்பை அள்ளப்பட்டது, வரி தண்டப்பட்டது. அப்படியானால் மேயர் எதற்கு என்று கேட்பது குதர்க்கமாகாது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இதற்கு இருவேறு விடைகள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஆட்சிப் பொறுப்பு மேயரிடமே இருக்கிறது. மன்றத்தின் முடிவைத் தடுக்கவும் அவரால் இயலும். பீனிக்ஸ் நகரிலோ அன்றாட ஆட்சியை நடத்துபவர் மன்றம் அமர்த்தும் மேலாளர். திருப்பூர் மேலோட்டமாகப் பீனிக்ஸை ஒத்தது: மேயர் கூட்டத்துக்குத் தலைமை ஏற்பார், ஆணையர் செயற்படுத்துவார். ஆனால் அந்த ஆணையரை அனுப்புவதும் மாற்றுவதும் மாநில அரசு. அங்கியும் சங்கிலியும் ஒருவருக்கு, கோப்பு இன்னொருவருக்கு என்பதே நம் ஏற்பாடு.

இதன் விளைவைத் திருப்பூர்ப் பனியன் தொழிலின் சாயப்பட்டறைகளில் காணலாம். பருத்தியிழை நீரில் எதிர்மின்னூட்டம் கொள்ளும். வினைபடு சாயமும் அத்தகையதே. ஒன்றையொன்று விலக்கும் இவற்றை நெருங்கச் செய்யவே சாயத்தொட்டியில் உப்பு கொட்டப்படுகிறது. சாயம் இழையில் ஏறிய பின் உப்பு துணியில் தங்குவதில்லை. ஏறக்குறைய முழுதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. நுண்ணுயிர்கள் கரிமப் பொருள்களைத் தின்று செரிக்கும். கரைந்த உப்பை அவற்றால் ஒன்றும் செய்ய இயலாது. அதைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடு பரவலும், அதன்பின் ஆவியாக்கமும் தேவை. இரண்டும் மின்சாரத்தையும் பணத்தையும் விழுங்குபவை. எனவே நெடுங்காலம் உப்பு நொய்யல் ஆற்றில் இறங்கி, கிழக்கே ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்கென எழுந்த அணை சாயக்கழிவின் தொட்டியாயிற்று.

2011இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் சுற்றியிருந்த ஊராட்சிகளும் இணைந்து மாநகரம் 60 வார்டுகளாக விரிந்தது. பனியன் கம்பெனிகள் எங்கெல்லாம் பரவினவோ அங்கெல்லாம் எல்லைக்கோடும் தொடர்ந்தது எனலாம். ஒரத்துப்பாளையம் மட்டும் வெளியே நின்றது. பனியன் விற்ற வருவாய் நகருக்குள் சேர, பனியனில் சாயம் ஏற உதவிய உப்பு வாக்குரிமையற்ற இடத்துக்குப் போனது. எந்த மேயரும் கீழ்மடை உழவரிடம் வாக்குக் கேட்டுப் போக வேண்டியதில்லை.

அவ்வுழவர்கள் மாமன்றத்தை நாடவில்லை. நொய்யல் ஆயக்கட்டுதாரர்களாகச் சென்னை உயர்நீதிமன்றம் சென்றனர். 2011 சனவரி 28 அன்று அந்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அடைக்கும் பொறுப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், மீண்டும் திறக்க வழிதேடும் பொறுப்பு மாநில அரசுக்கும் போயின. அன்று மேயர் நாற்காலி காலியாக இல்லை.