வீட்டுக் கணக்கும் நம் பிள்ளைகளும்

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் அதற்குச் சில நாள்களுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டன. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் பயின்ற சிறுவர் சிறுமியர் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தது 2021 நவம்பர் முதல் நாளில்தான். ஏறத்தாழ 19 திங்கள்! எழுத்தும் வாய்ப்பாடும் பிள்ளைகளுக்கு மறந்துவிடக் கூடாதே என்று பலரும் பாடுபட்டனர். கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின்கீழ்த் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் குடியிருப்புகளிலேயே மாலை வகுப்புகளை நடத்தினர்.

ஆயினும் அந்நாள்களில் நம் இல்லங்களில் வேறொரு பாடமும் நடந்தது. அதற்குப் பாடநூலும் இல்லை, ஆசிரியரும் இல்லை. தந்தையின் கூலி நின்றதையும், தாயின் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றதையும், நியாய விலைக் கடையில் தந்த 1,000 ரூபாய் எத்தனை நாளில் கரைந்தது என்பதையும் பிள்ளைகள் அருகிலிருந்தே கண்டனர். பள்ளி நடந்திருந்தால் இவற்றுள் பல அவர்கள் அறியாமலே முடிந்திருக்கும். பெற்றோரே, அவர்கள் கண்டவற்றின் பொருளை நாம் அவர்களுக்கு விளக்கினோமா? பெருந்தொற்று அகன்றுவிட்ட இன்றும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

மறைப்பதும் தவறு, சுமத்துவதும் தவறு

சில இல்லங்களில் பணத்தைப் பற்றிய பேச்சு பிள்ளைகளின் செவியில் விழவே கூடாது. “சின்னஞ்சிறு வயதில் அவர்களுக்கு ஏன் இந்தக் கவலை?” என்கின்றனர் பெற்றோர். நல்லெண்ணந்தான். ஆனால் உண்மை அறியாத பிள்ளை, கையிருப்பு ஏதுமில்லாத திங்களில் புதிய கைப்பேசி கேட்டு அடம் பிடிக்கிறது. கூரிய பிள்ளையாயின், பெற்றோரின் முகவாட்டத்தைக் கண்டு, உள்ளதைவிடப் பெரிய துன்பத்தைத் தானே கற்பனை செய்துகொண்டு இரவில் உறங்காமல் கிடக்கிறது.

வேறு சில இல்லங்களிலோ சுமை முழுவதும் பிள்ளையின் தலைமேல் இறக்கப்படுகிறது. “உன் படிப்புக்காகத்தான் இத்தனை கடன்” என்று சினத்தில் ஒருமுறை சொன்னாலும் போதும். ‘இக்குடும்பத்திற்கு நானே பாரம்’ என்று அப்பிள்ளை முடிவு செய்துவிடுகிறது. பள்ளி மூடியிருந்த காலத்தில் கடைக்கும் பட்டறைக்கும் வேலைக்குச் சென்ற பிள்ளைகளுள், வீட்டிற்கு உதவ வேண்டும் என்று தாமாகவே புறப்பட்டவர்களும் உண்டு. முதற் கூலியைக் கையில் வாங்கிய சிறுவனுக்கு மறுபடியும் புத்தகப்பை சுமப்பது எளிதன்று. 14 வயது நிறையாதவரை வேலைக்கு அமர்த்துவதைச் சட்டம் தடுக்கின்றது; 1098 என்னும் உதவி எண்ணும் இருக்கின்றது. எனினும் முதற் காவல் வீட்டில் பேசப்படும் சொல்லேயாகும்.

கானா நாடு தரும் படிப்பினை

பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றிக் கற்பிக்கலாமா என்னும் கேள்வி நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1098 சேவையை 1996-இல் தொடங்கிய ஜெரூ பிலிமோரியா என்னும் அம்மையார், அதற்கு முன்பே 1991-இல், மும்பைச் சிறுவரிடையே ஒரு கல்வி முயற்சிக்கு வித்திட்டார். பின்னர் அஃப்லத்தூன் என்னும் பெயரில் அது பல நாடுகளுக்கும் பரவிற்று. தன்னை அறிதல், உரிமையும் கடமையும், சேமிப்பும் செலவும், திட்டமிடல், சிறு முயற்சிகளை நடத்துதல் ஆகிய ஐந்தையும் சேர்த்தே கற்பிப்பது அதன் முறை.

ஏன் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்? பெருந்தொற்றுக்குப் பல ஆண்டுகள் முன்னதாக ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் 135 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. சில பள்ளிகளில் இம்முழுக் கல்வியும், சில பள்ளிகளில் பணக் கல்வி மட்டும், மற்றவற்றில் இவ்விரண்டும் இன்றியும் வகுப்புகள் நடந்தன. பணக் கல்வி மட்டும் பெற்ற பிள்ளைகள், அது பெறாதவர்களைவிட மிகுதியாக வேலைக்குச் சென்றது தெரிய வந்தது. முழுக் கல்வி பெற்றவர்களிடம் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. இரு முறைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஐயமற நிறுவப்படவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் அது நமக்கு ஓர் எச்சரிக்கை. காசின் அருமையை மட்டும் கற்ற பிள்ளை காசைத் தேடிப் புறப்படக்கூடும். தன் அருமையையும் உணர்ந்த பிள்ளையே நின்று நிதானிக்கும்.

உலக நலவாழ்வு நிறுவனம் வாழ்க்கைத் திறன்கள் எனப் பத்தினை வகுத்துள்ளது. முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், பிறர் துயர் உணர்தல், மன அழுத்தத்தைத் தாங்குதல் ஆகியன அவற்றுள் சில. இவற்றைப் பழகுவதற்கு வீட்டுக் கணக்கைவிட நல்ல களம் ஏது?

தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு

ஓர் எடுத்துக்காட்டு. 2020 மார்ச்சு இறுதியில் ரிசர்வ் வங்கி, கடன் தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இசைவளித்தது. அது ஆகஸ்டு 31 வரை நீடித்தது. ‘ஆறு மாதத் தவணை போயிற்று’ என்று மகிழ்ந்தோர் பலர். உண்மையில் தவணை தள்ளிப் போயிற்றேயன்றித் தள்ளுபடியாகவில்லை. 30,000 ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி என்றால், திங்களுக்கு 600 ரூபாய். ஆறு திங்களுக்கு 3,600 ரூபாய். இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு வட்டியின்மேல் ஏறிய வட்டியை மட்டுமே பின்னர் நடுவண் அரசு ஏற்றுக்கொண்டது. அசல் வட்டி கடன் வாங்கியவர் தலையில்தான்.

எட்டாம் வகுப்பில் பயிலும் மகளுக்கு இக்கணக்கு எளிது. அதனை அவளைக் கொண்டே போட்டுப் பார்த்திருந்தால், தாயும் ஏமாந்திருக்கமாட்டார். மகளும் தனிவட்டியை வாழ்நாள் முழுதும் மறந்திருக்கமாட்டாள்.

வயதுக்கேற்ற பயிற்சி

பத்து வயதிற்குட்பட்ட பிள்ளைகள், கடைக்கு எழுதும் சீட்டில் எது தேவை, எது ஆசை என்று பிரித்துப் பழகட்டும். ஆசை என்று ஒதுக்கியவற்றுள் ஒன்றையேனும் எப்போதாவது வாங்கித் தருக. இல்லையேல் சேமிப்பு என்னும் சொல்லே அவர்களுக்குக் கசந்துவிடும்.

பத்து முதல் பதின்மூன்று வயதுள்ளோர் ஒரு வாரத்துக் காய்கறிச் செலவைக் குறிப்பேட்டில் எழுதலாம். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்ற பழமொழி அப்போது விளங்கும். மாணவரே வரவு வைத்துக் கணக்கெழுதிய சஞ்சயிகாத் திட்டத்தைப் பெற்றோர் பலர் தம் பள்ளி நாள்களில் கண்டிருப்பர். பத்து வயது நிறைந்தவர் தாமே நடத்தக்கூடிய சேமிப்புக் கணக்குக்கு ரிசர்வ் வங்கி 2014-இல் வழி வகுத்தது. அதன் வரம்பை அந்தந்த வங்கி வகுக்கும். அருகிலுள்ள வங்கியில் விசாரியுங்கள்.

அதற்கு மேற்பட்ட வயதினர் அடகுச் சீட்டையும் குழுக் கடன் புத்தகத்தையும் படித்துப் பொருள் சொல்லக் கற்க வேண்டும். இணையவழி வகுப்புக்காகக் கொடுத்த கைப்பேசி இன்று பணப்பையும் ஆகிவிட்டது. யு.பி.ஐ. இரகசிய எண் பணம் அனுப்புவதற்கே தேவை, பெறுவதற்கு அன்று. ‘பணம் வரும், எண்ணை இடு’ என்று எவர் கூறினும் அது ஏமாற்று. விளையாட்டுச் செயலிகளில் வங்கிக் கணக்கை இணைத்து வைக்காதீர்கள். பிள்ளை தவறிச் செலவழித்துவிட்டால் அடிக்காமல் கேளுங்கள். அஞ்சிய பிள்ளை அடுத்த முறை மறைக்கும்.

பிள்ளையிடம் சொல்ல வேண்டிய சொல்

பெருந்தொற்று போயிற்று. ஆயினும் நோய், வெள்ளம், ஆலை மூடல் என்று குடும்பத்தின் வருவாய் நிற்கும் நாள் இனியும் வரக்கூடும். அந்நாளில் தந்தையும் தாயும் பிள்ளையை அருகில் அமர்த்தி, “கண்ணு, இந்த மாதம் வருமானம் குறைவு. அரிசிக்கும் மருந்துக்கும் இருக்கிறது. புதுத் துணியைத் தள்ளி வைப்போம். கடனை அடைப்பது எங்கள் பொறுப்பு, படிப்பது உன் பொறுப்பு” என்று சொல்லட்டும். இதில் மறைப்பும் இல்லை; சுமத்தலும் இல்லை. இந்நான்கு சொற்றொடர்களை மனமொத்துச் சொல்லும் பெற்றோரின் பிள்ளை, நெருக்கடியிலும் பள்ளிப் பையை இறக்கி வைக்காது.

இன்றே தொடங்கலாமே. இவ்வாரக் கடைச் சீட்டைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பாருங்கள்.