தண்டுத் துளைப்பானைக் கட்டுப்படுத்தும் 'தள்ளு-இழு' முறை

மக்காச்சோளத்திலும் சோளத்திலும் தண்டுத் துளைப்பான் உண்டாக்கும் சேதத்தை உழவர்கள் நன்கு அறிவர். புழு தண்டினுள் புகுந்துவிட்டால் மேலே தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டாது. நடுக்குருத்து காய்ந்துவிடும்.

இயற்கையில் நடப்பதைக் கூர்ந்து கவனித்து, அதைக் கொண்டே சிக்கலைத் தீர்க்க முனையும் விஞ்ஞானிகள் பல நாடுகளில் உள்ளனர். அவ்வழியில் கென்யாவில் 1990-களில் உருவானதே 'தள்ளு-இழு' முறை. நைரோபியில் உள்ள பன்னாட்டுப் பூச்சி ஆராய்ச்சி மையமும் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையமும் கென்ய விஞ்ஞானிகளுடன் சேர்ந்து இதை வகுத்தன. இந்தியாவில் பிறந்த பூச்சியியல் அறிஞர் ஜியாவுர் கான் இப்பணியை முன்னின்று நடத்தினார்.

புல்லே பொறி

அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வந்து சேரும் முன்பு, ஆப்பிரிக்கத் தண்டுத் துளைப்பான் காட்டுப் புற்களிலும் வாழ்ந்தது. எனவே அப்புற்களை ஆராய்ந்தனர். மாலை இருட்டத் தொடங்கும் நேரத்தில் நேப்பியர் புல் வெளியிடும் மணம், தாய் அந்துப்பூச்சியைப் பெரிதும் கவர்வது தெரிந்தது. பூச்சி அதில் முட்டையிடுகிறது. ஆனால் புழு துளைக்கும்போது புல்லில் பசை போன்ற சாறு கசிவதால் பெரும்பாலான புழுக்கள் மடிகின்றன.

வயலைச் சுற்றி மூன்று வரிசை நேப்பியர் நடப்படுகிறது. இது 'இழு'. மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே டெஸ்மோடியம் என்னும் பயறுவகைத் தீவனச் செடி விதைக்கப்படுகிறது. இது 'தள்ளு'. இதன் மணம் பூச்சியை விரட்டுவதாகவே கருதப்பட்டது. இலையிலுள்ள நுண்ணிய முடிகளில் புழுக்கள் சிக்கி மடிவதே முக்கியக் காரணம் என 2024-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது.

சுடுமல்லிக்கும் தடை

எதிர்பாராத பயனும் கிடைத்தது. டெஸ்மோடியம் வேரில் சுரக்கும் பொருள்கள் சுடுமல்லி விதையை முளைக்கச் செய்கின்றன. ஆனால் அது பயிரின் வேரைப் பற்றவிடாமல் தடுக்கின்றன. பற்ற வேர் கிடைக்காத முளை அழிகிறது. இதனால் மண்ணில் கிடக்கும் சுடுமல்லி விதை ஆண்டுதோறும் குறைகிறது. டெஸ்மோடியம் தழைச்சத்தையும் நிலைநிறுத்துகிறது. இரண்டு செடிகளும் கறவை மாட்டுக்குத் தீவனமாகின்றன. சிறு உழவருக்கு இதுவே பெரிய வரவு.

கவனிக்க வேண்டியவை

டெஸ்மோடியம் முதலில் மெதுவாகவே வளரும். எனவே முதல் பருவத்தில் களையெடுக்க ஆள் செலவு கூடும். விதையும் எங்கும் எளிதில் கிடைப்பதில்லை. நன்கு படர்ந்துவிட்டால் பல ஆண்டுகள் நிற்கும். நேப்பியர் வரிசைகளை ஒரே சமயத்தில் அறுத்துவிடக் கூடாது. அறுத்தால் பொறி இல்லாமல் போகும்.

படைப்புழுவும் நம் வயலும்

2016-இல் ஆப்பிரிக்காவிலும் 2018-இல் இந்தியாவிலும் மக்காச்சோளப் படைப்புழு நுழைந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில், வறட்சி தாங்கும் பிரேக்கியேரியா புல்லும் வேறொரு டெஸ்மோடியம் வகையும் சேர்ந்த வயல்களில் இப்புழு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டிலும் மக்காச்சோளத்தைச் சுற்றி மூன்று, நான்கு வரிசை நேப்பியரைப் பொறிப்பயிராக நடப் பரிந்துரை உண்டு. அதில் புழுத் தாக்குதல் தெரிந்தவுடன் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்க வேண்டும்.

கென்ய முறையை அப்படியே கொண்டுவந்து முழு நிலத்திலும் செய்துவிடக் கூடாது. எந்தப் புல், எந்தப் பயறு தம் மண்ணுக்கும் மழைக்கும் ஒத்துவரும் என்பதை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறிந்து, முதலில் கால் ஏக்கரில் செய்து பார்ப்பது நலம்.