மூன்று நிமிஷக் குளிர்!

பூஜ்யத்துக்குக் கீழே 110 டிகிரி சென்டிகிரேட்! தென் துருவத்திலேகூட இப்படியொரு குளிர் கிடையாது. ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தேகப்பயிற்சி நிலையங்களில் ஜனங்கள் காசு கொடுத்து இந்தக் குளிருக்குள் போய் நிற்கிறார்கள். மூன்று நிமிஷம் நின்றுவிட்டு, உடல் வலியெல்லாம் பறந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

இந்த வைத்தியத்துக்குக் 'கிரையோதெரபி' என்று பெயர். 1978-ம் வருஷ வாக்கில் ஜப்பானில் யாமவுச்சி என்ற டாக்டர் முடக்குவாத நோயாளிகளுக்காக இதைக் கையாண்டார். இப்போது ஆஸ்பத்திரியை விட்டுக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

நிலையம் நடத்துகிறவர் இந்த யந்திரத்தை வாங்கப் போனால், விற்பனைக்காரர் விலையைச் சொல்வார்; நீல விளக்கைப் போட்டுக் காட்டுவார். அவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஐயா, இந்தக் குளிர் எதிலிருந்து வருகிறது?"

ஏனென்றால் யந்திரம் இரண்டு வகை. ஒன்று, மின்சாரத்தால் ஓடும் அறை. நம் வீட்டு ஐஸ் பெட்டியைப் போல உள்ளே இருக்கும் காற்றையே குளிர வைக்கிறது. முழு உடம்பும் உள்ளே இருக்கும். சுவாசிப்பது சாதாரணக் காற்று. விலை அதிகம், மின்சாரச் செலவும் அதிகம். மற்றொன்று, தலை மட்டும் வெளியே தெரியும் கூண்டு. மலிவாகக் கிடைக்கும். இதில் குளிரைத் தருவது திரவ நைட்ரஜன்.

மலிவில்தான் அபாயம் ஒளிந்திருக்கிறது. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகப் பெருகும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. அறையிலுள்ள பிராணவாயுவைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். மூச்சுத் திணறினால் வெளியே ஓடிவிடலாமே என்று நினைக்கலாம். திணறாது! உடம்பில் கரியமிலவாயு சேர்ந்தால்தான் நமக்குத் திணறல் தெரியும். இங்கே எந்த அறிகுறியுமில்லாமல் நினைவு தப்பிவிடும்.

2015 அக்டோபரில் அமெரிக்காவின் நெவாடா மாகாணத்தில், ஹெண்டர்சன் நகரில், இத்தகைய நிலையத்தின் பெண் ஊழியர் ஒருவர் கடை மூடிய பிறகு தனியாகக் கூண்டுக்குள் இறங்கினார். மறுநாள் பிணமாகத்தான் கண்டார்கள். பிராணவாயுக் குறைவே காரணம் என்று முடிவாயிற்று. 2025 ஏப்ரலில் பாரிஸிலும், நைட்ரஜன் கசிவு என்று கருதப்படும் விபத்தில் ஓர் ஊழியர் இறந்தார்.

ஆகவே, நைட்ரஜன் கூண்டுதான் கைக்கு எட்டும் என்றால், யந்திரத்தின் விலையோடு நிற்கக் கூடாது. பிராணவாயு குறைந்தால் அலறும் கருவி அந்த அறையில் வேண்டும்; சாதாரணக் காற்றில் அது சுமார் 21 சதவிகிதம், 19.5-க்குக் கீழே போனால் ஆபத்து. வாயுவை வெளியே தள்ளும் விசிறியும் குழாயும் வேண்டும். குள்ளமானவர் வந்தால் தலை வெளியே தெரியும்படி உயர்த்தும் மேடை வேண்டும். இரண்டாவது ஆள் பக்கத்தில் இல்லாமல் முதலாளியேகூட உள்ளே இறங்கக் கூடாது.

தேகப்பயிற்சி நிலையத்தில் வியர்வைக்குப் பஞ்சமில்லை. ஈரத்தோடு உள்ளே போனால் தோல் உறைந்து புண்ணாகும். ஓட்ட வீரர் ஜஸ்டின் காட்லின் 2011-ல் நனைந்த காலுறையுடன் போய் நின்று, உலகப் போட்டிக்குப் புண்பட்ட பாதங்களோடு போய்ச் சேர்ந்தார். ரத்த அழுத்தக்காரர், இருதய நோயாளி, கர்ப்பிணி இவர்களைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

வாசலில் போர்டு எழுதும்போதும் கை கொஞ்சம் அடங்கட்டும். எந்த நோய்க்கும் சிகிச்சையாக இந்த யந்திரங்களை அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-ல் அறிவித்தது.