தலைவலி வந்தால் ஏறாதே!

இமயமலையில் நடப்பவர்களுக்கு எச்சரிக்கை

உலகத்திலேயே உயர்ந்த சிகரம் எவரெஸ்ட். அதன் உயரம் 29,032 அடி. 1953-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி டென்சிங்கும் ஹில்லாரியும் அதன் உச்சியில் முதன்முதலாகக் கால் வைத்தார்கள்.

உச்சிக்குப் போகிறவர்கள் சிலர்தான். ஆனால், அடிவார முகாம் வரை நடந்துபோய் வருகிறவர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள். பெண்கள் போகிறார்கள். வயதானவர்களும் போகிறார்கள். கயிறு கட்டி ஏற வேண்டியது இல்லை. நடந்தே போகலாம்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத ஆபத்து!

பாதிக் காற்று

நேபாள நாட்டில் லுக்லா என்ற ஊர் இருக்கிறது. ஹில்லாரியின் முயற்சியால் 1964-ல் அங்கே விமானத் தளம் அமைக்கப்பட்டது. அதன் உயரம் 9,300 அடிக்கு மேல். பலர் அங்கே விமானத்தில் வந்து இறங்கி நடக்கத் தொடங்குகிறார்கள். அவர்கள் போய்ச் சேர வேண்டிய அடிவார முகாம் சுமார் 17,600 அடி உயரத்தில் உள்ளது.

மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அடிவார முகாமில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராண வாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான்.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் சில நாட்கள் பிடிக்கும். அதற்குள் அவசரப்பட்டு ஏறினால் தலை வலிக்கும். குமட்டும். பசி எடுக்காது. தூக்கம் வராது. இதுதான் மலை நோய்.

பயில்வானையும் இது விடாது! உடல் வலுவை நம்பி வேகமாக ஏறுகிறவர்கள்தான் எளிதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தப் பாதையில் பெரிச்சே என்ற ஊர் இருக்கிறது. சுமார் 14,000 அடி உயரம். அங்கே வந்த 278 பேரை மருத்துவர்கள் சோதித்தார்கள். 100-க்கு 53 பேருக்கு மலை நோய் கண்டிருந்தது! இந்த ஆராய்ச்சி 1976-ல் வெளிவந்தது.

கூடாரத்தில் கவனம்

தலைவலியோடு நின்றால் பயம் இல்லை. ஓய்வு எடுத்தால் தீரும். அதை மறைத்து மேலே ஏறினால்தான் விபரீதம்.

நுரையீரலில் நீர் கோக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். மூளை வீங்கினால் கால் தள்ளாடும், பேச்சு குழறும். குடிக்காமலே குடித்தவர் போல நடப்பார். கவனிக்காவிட்டால் உயிர் போய்விடும்.

இரவில் குளிர் கடுமையாக இருக்கும். கூடாரத்தில் படுத்தவர் களைப்பினால் தூங்குகிறார் என்று விட்டுவிடக் கூடாது. எழுப்பிப் பேச்சுக் கொடுக்க வேண்டும். நேராக நடக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

உயிர் காக்கும் பை

இதற்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இறங்க வழியே இல்லாவிட்டால் ஒரு பை கைகொடுக்கும். நோயாளியை அதற்குள் படுக்க வைத்து மூடி, காலால் மிதித்துக் காற்று அடிப்பார்கள். உள்ளே அழுத்தம் கூடும். பல ஆயிரம் அடி கீழே இறங்கியது போன்ற நிலை உண்டாகும்! ஆனால், இது இறங்கும் வரை உயிரைக் காப்பதற்கு மட்டுமே.

சுமை தூக்குகிறவர்

சுமை தூக்கும் தொழிலாளர்கள் எல்லோரும் மலை உச்சியில் பிறந்தவர்கள் அல்ல. பலர் தாழ்வான ஊர்களில் இருந்து வருகிறவர்கள். அவர்களுக்கும் இந்த நோய் வரும். கூலி போய்விடுமே என்று வெளியே சொல்லாதவர்களும் உண்டு. நோய் கண்ட தொழிலாளியைத் தனியாகக் கீழே அனுப்பக் கூடாது. துணைக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

மூன்று விதிகள்

10,000 அடிக்கு மேல் போனால், முதல் நாள் படுத்த இடத்தைவிட 1,600 அடிக்கு மேல் உயரமான இடத்தில் மறுநாள் படுக்கக் கூடாது.

மூன்று, நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஏறாமல் தங்க வேண்டும்.

தலைவலியும் குமட்டலும் இருந்தால் மேலே ஏறக் கூடாது. நோய் முற்றினால் உடனே இறங்க வேண்டும்.

பாதி வழியில் திரும்புவது தோல்வி அல்ல. எவரெஸ்ட் அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும். உயிரோடு திரும்பியவர் மறுபடியும் போய்ப் பார்க்கலாம்!