உறக்கத்தில் நின்றுபோகும் மூச்சு: எந்த வகைக்கு எந்தச் சிகிச்சை?

இந்தித் திரையிசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமானார். அவரது மரணத்திற்கு 'ஆப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா' காரணம் என்று மருத்துவர்கள் தெரிவித்தபோது, அந்தப் பெயர் பலருக்குப் புதிதாக இருந்தது. ஆனால் நோய் புதிதன்று. புதுதில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோருள் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்கு இது உள்ளது.

இரண்டு வகைகள்

உறங்கும்போது மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்று, மீண்டும் தொடங்குவதே ஸ்லீப் ஆப்னியா. இதில் இரு வகைகள் உண்டு.

முதலாவது, அடைப்பு வகை. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப்பாதை மூடிக்கொள்ளும். மார்பும் வயிறும் மூச்சிழுக்கப் போராடும். காற்று உள்ளே செல்லாது. உரத்த குறட்டை, திடீர் அமைதி, பின்பு திணறலுடன் கூடிய விழிப்பு ஆகியவை இதன் அடையாளங்கள்.

இரண்டாவது, மைய வகை. இதில் பாதை திறந்தே இருக்கும். மூச்சுவிடுமாறு மூளையிலிருந்து வரவேண்டிய கட்டளை சற்று நேரம் வராது. இதயச் செயலிழப்பு, பக்கவாதம், ஓபியாய்டு வகை வலிநிவாரணிகள் ஆகியவை முக்கியக் காரணங்கள். இவ்வகையில் குறட்டை பெரிதாக இல்லாமலும் இருக்கலாம். ஒருவருக்கே இரு வகைகளும் சேர்ந்திருப்பதும் உண்டு.

பரிசோதனை

இரவு முழுவதும் மூளை அலைகள், மூச்சு, ஆக்சிஜன் அளவு, இதயத்துடிப்பு ஆகியவற்றைப் பதிவுசெய்யும் உறக்கப் பரிசோதனையே நோயை உறுதிப்படுத்தும். அறிக்கையில் 'ஏ.எச்.ஐ.' என்றொரு எண் இருக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதே அது. 5 முதல் 15-க்குள் இருந்தால் லேசானது. 15 முதல் 30-க்குள் நடுத்தரமானது. 30-உம் அதற்கு மேலும் கடுமையானது. மொத்த எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். "இவற்றுள் அடைப்பு வகை எத்தனை, மைய வகை எத்தனை?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையின் பாதை அந்த விடையில்தான் பிரிகிறது.

அடைப்பு வகைக்கு

1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய 'சிபாப்' கருவியே இன்றும் முதன்மைச் சிகிச்சை. இது ஆக்சிஜன் கருவி அன்று. சாதாரணக் காற்றையே சிறு அழுத்தத்துடன் முகமூடி வழியே செலுத்துகிறது. பந்தலுக்குக் கொடுக்கும் முட்டுக்கால்போல அந்தக் காற்றே தொண்டையைத் திறந்து வைக்கிறது. உடல் எடையைக் குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், மதுவைத் தவிர்த்தல் ஆகியவை உடன் துணைபுரியும். லேசான நோய்க்குக் கீழ்த்தாடையை முன்னிறுத்தும் பல் சாதனம் பயன்படலாம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் டான்சில், அடினாய்டு அறுவை சிகிச்சை பலன் தரும்.

மைய வகைக்கு

இங்கே முதற்பணி மூல காரணத்தைக் கண்டறிவது. இதயச் செயலிழப்பைச் சீராக்கினாலோ, காரணமான மருந்தை மருத்துவர் மாற்றினாலோ மூச்சும் பலருக்குச் சீராகும். அதன் பின்னரே கருவி. ஒவ்வொரு மூச்சுக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் 'ஏ.எஸ்.வி.' என்ற கருவி சிலருக்கு மிகவும் உதவும். ஆயினும் 2015-இல் வெளியான 'செர்வ்-எச்.எஃப்.' ஆய்வில், இதயத்தின் இரத்தம் வெளியேற்றும் திறன் 45 விழுக்காடோ அதற்குக் குறைவோ இருந்த மைய வகை நோயாளிகளிடம் அது இதய மரணங்களைக் கூட்டியது தெரியவந்தது. ஆகவே எக்கோ பரிசோதனையும் மருத்துவரின் ஆலோசனையும் இன்றி இக்கருவியை வாங்கலாகாது.

"கருவி வைத்தும் சோர்வு தீரவில்லை"

இப்படிச் சொல்லிக் கருவியைப் பரணில் ஏற்றிவிடுவோர் உண்டு. அதற்கு முன் நான்கு செய்திகளைப் பாருங்கள். பெரும்பாலான கருவிகள் அவற்றைத் தாமே பதிந்து வைத்திருக்கும்.

1. எத்தனை மணி நேரம் அணிந்தீர்கள்? இரவுக்கு 4 மணி நேரம் என்பது குறைந்த அளவு. உறங்கும் நேரம் முழுவதும் அணிவதே நோக்கம்.

2. காற்று கசிகிறதா? முகமூடியின் அளவையோ வகையையோ மாற்றினால் சரியாகும். வாய் உலர்ந்தால் ஈரப்பதமூட்டி உதவும்.

3. கருவி காட்டும் ஏ.எச்.ஐ. 5-க்குக் குறைந்துள்ளதா? இல்லையெனில் அழுத்தத்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

4. எஞ்சியவை மைய வகையைச் சேர்ந்தவையா? சிபாப் தொடங்கிய பின் மைய வகை புதிதாகத் தோன்றுவது உண்டு. பலருக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் அது தானே மறையும். மறையாதவர்களுக்கு மறுபரிசோதனையும் வேறு சிகிச்சையும் தேவை.

குடும்பத்தாருக்கு

நோயாளி அறியாததை அருகில் உறங்குபவரே அறிவார். மூச்சு நிற்பதைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிந்து வாருங்கள். பகலில் தூங்கி விழுபவரை, ராயப்பேட்டை நெடுஞ்சாலை போன்ற நெரிசலான சாலைகளில் வண்டி ஓட்ட விடாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னும் மயக்க மருத்துவரிடம் இந்நோயைத் தெரிவியுங்கள். மருத்துவமனையில் சேரும்போது கருவியையும் எடுத்து வாருங்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது, உறக்கப் பரிசோதனையின் முழு அறிக்கையும் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும்.