இராப்பணி புரிவோரும் நித்திரையும்

பகலெல்லாம் உழைத்தவர் இரவில் உறங்குதலை எவரும் குறை கூறார். இரவெல்லாம் விழித்து நோயாளரைக் காத்தவர் பகலில் உறங்கினாலோ, அது பலர்க்குச் சோம்பலாகத் தோன்றுகின்றது. இஃது எத்துணைப் பிழையென்பதை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994-ஆம் ஆண்டு மின்சாரம் ஆக்கத் தொடங்கிற்று. கொதிகலனுக்கு இரவென்றும் பகலென்றும் வேறுபாடில்லை. ஆதலின் அத்தகைய நிலையங்களில் தொழிலாளர் முறைமாறி உழைக்கின்றனர். தொழிலாளர் விழித்திருக்குமிடத்து அவர்க்கு உதவும் மருத்துவரும் செவிலியரும் விழித்திருத்தல் வேண்டுமன்றோ? 500 பேர்க்கு மேற்பட்டோர் உழைக்கும் ஆலைகளில் மருத்துவர், செவிலியர் பொறுப்பில் சிகிச்சை அறை ஒன்று இருத்தல் வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்ததும் இது கருதியே.

நிற்க. மூளையின் அடிப்பாகத்தில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சிறியதொரு நரம்பணுத் தொகுதி உண்டு. அதுவே சரீரத்தின் கடிகாரம். வெளிச்சத்தைக் கொண்டு அது நாடோறும் தன்னைத் திருத்திக்கொள்ளும். வேலை அட்டவணை மாறியவுடன் தானும் மாறிவிடாது. 1938-இல் கிளெய்ட்மன் என்னும் அறிஞர் தம் மாணாக்கர் ஒருவருடன் அமெரிக்க நாட்டு மாமத் குகையில் 32 நாள் தங்கி, நாளொன்றுக்கு 28 மணியாக வகுத்து வாழ்ந்து பார்த்தார். மாணாக்கர் உடல் அதற்கு இணங்கிற்று. ஆசிரியர் உடலோ 24 மணிக் கணக்கை விடவில்லை. எல்லார்க்கும் இஃது ஒருபடியாகப் பழகுவதன்று என்பது இதனால் விளங்கும்.

மேலும், மக்களிற் பெரும்பாலார்க்கு இக்கடிகாரம் 24 மணியினும் சிறிது நீண்டு ஓடும் இயல்பினது. ஆதலின் வழக்கத்தினும் பிந்தி உறங்குதல் எளிது. முந்தி உறங்குதல் அரிது. ஆகவே காலை, மாலை, இரவு என்னும் வரிசையிலேயே முறைகளை மாற்றுதல் தகும். இராப்பணி முடிந்தவரைப் போதிய ஓய்வின்றிக் காலைப் பணிக்கு அழைத்தல் தகாது.

செவிலியர் தாமும் செய்யத்தக்கன சில உள. இராப்பணிக்குமுன் பிற்பகலில் சிறிது உறங்குக. காப்பியின் வேகம் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகுமாதலின், பின்னிரவில் அதனை விலக்குக. தூக்கக் கலக்கத்தோடு தாமே வண்டி ஓட்டாது வீடு திரும்புக. அறையை இருளாக்கி, உடனே படுக்கைக்குச் செல்க.

விடியற்காலை நான்கு மணியளவில் உடலின் வெப்பமும் மனத்தின் விழிப்பும் மிகத் தாழ்ந்திருக்கும். நோயாளிக்கு மருந்தளவு காணவேண்டிய சமயமும் அதுவாக நேரலாம். அப்போது ஒரு துளி மிகினும் குறையினும் உயிர்க்கு ஏதமன்றோ? ஆதலின் செவிலியின் உறக்கம் நோயாளியின் காவலாகும். நண்பர்களே, இராப்பணி செய்தவர் உறங்கும் வீட்டில் நண்பகலில் கதவைத் தட்டாதிருத்தலும் ஒரு தொண்டேயாம்.