பல் பரிசோதனையும் வாய்த் தூய்மையும்

பல் பரிசோதனை என்பது வலி எதுவும் இல்லாதபோதே பல், ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றைப் பல் மருத்துவரிடம் காட்டுவதாகும். புதுச்சேரி நகரில் இதற்கான வசதிக்குக் குறைவில்லை. கோரிமேடு இந்திரா நகரில் மகாத்மா காந்தி முதுநிலை பல் மருத்துவ அறிவியல் நிறுவனம் என்ற அரசுசார் கல்லூரியும் மருத்துவமனையும் உள்ளன. அருகிலுள்ள ஜிப்மரிலும் பல் மருத்துவத் துறை உண்டு. எனினும் பலர் இரவில் தூக்கம் கெட்ட பிறகே மருத்துவரைத் தேடுகின்றனர்.

பூச்சிப்பல்

சொத்தைப் பல்லைப் 'பூச்சிப்பல்' என்று சொல்லும் வழக்கம் தமிழில் இன்றும் உள்ளது. பல்லைப் புழு அரிக்கிறது என்ற எண்ணம் ஒரு காலத்தில் உலகின் பல பகுதிகளிலும் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், 1728-இல், பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சு மருத்துவர் பல் மருத்துவத்திற்கென ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அதில் புழுக் கொள்கையை மறுத்து, சர்க்கரை பல்லுக்குக் கேடு என்றும் எழுதினார்.

பல்லில் படியும் நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலுறையான எனாமலைக் கரைக்கிறது. எனாமலில் நரம்பு இல்லை. ஆகவே தொடக்கநிலைச் சொத்தை வலிப்பதில்லை. உள்ளிருக்கும் பற்கூழை எட்டியபின்தான் கடும் வலி எழுகிறது. முதலில் கண்டால் சிறு அடைப்போடு முடியக்கூடியது, பின்னர் வேர் சிகிச்சையிலோ பல்லை எடுப்பதிலோ போய் நிற்கிறது.

ஈறு நோயும் இப்படியே ஓசையின்றி வளர்வது. பல் துலக்கும்போது இரத்தம் கசிவது அதன் முதல் அறிகுறி. வலி இல்லாததால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் விரைவில் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகும்.

தவறான நம்பிக்கைகள்

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. உண்மையில் எலும்பு கரைந்து ஏற்கெனவே தளர்ந்த பல்லை, கெட்டியான காரை பிடித்து வைத்திருக்கும். காரையை நீக்கியதும் அந்தத் தளர்ச்சி வெளியே தெரிகிறது. பழி மட்டும் மருத்துவர் மீது விழுகிறது. மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்பதும் தவறு. பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கான நரம்பு வேறு.

புகையிலையும் பாக்கும்

பரிசோதனையின் மிக முக்கியமான பயன் இங்குதான் உள்ளது. புகையிலை மட்டுமன்றி, பாக்கும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவற்றைக் கண்டால் உடனே காட்ட வேண்டும். இத்தகைய திட்டுகள் பெரும்பாலும் வலிப்பதில்லை.

அன்றாடப் பழக்கம்

காலையிலும் இரவு படுக்கும் முன்பும் ஃபுளோரைடு உள்ள பற்பசையால் இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவுத் துலக்கலே கூடுதல் முக்கியம். பலர் விட்டுவிடுவதும் அதையே. உமிக்கரி, செங்கல் தூள் போன்றவை எனாமலைத் தேய்த்துவிடும். குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும், ஒரு வயதுக்குள் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. பெரியவர்களுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை என்பது பொதுவான வழக்கமே. சொத்தை, ஈறு நோய், நீரிழிவு, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் குறுகிய இடைவெளியில் வர வேண்டியிருக்கும். அதை மருத்துவரே முடிவு செய்வார்.